‘நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும்?’: மேற்கத்திய அரசியல் தத்துவத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

மேற்கத்திய அரசியல் தத்துவம் படிக்கலாம் என்று முடிவெடுப்பவர்களில் பலர் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறார்கள். இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் எந்தக் கவிதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற நீண்ட பேச்சு வரும். அந்த இடத்தில் புத்தகம் மூடப்படுகிறது, பிறகு திறக்கப்படுவதே இல்லை. வேறு சிலர் ‘கிரேக்கம் முதல் இன்று வரை’ என்ற வகை வரலாற்று நூல் ஒன்றை முழுவதும் படித்து முடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ‘தத்துவ அறிஞர் ஆள வேண்டும் என்றார் பிளேட்டோ, மனிதர் கெட்டவர் என்றார் ஹாப்ஸ்’ என்று முடிவுகள் மட்டும் நினைவில் நிற்கும். அவற்றிலும் பாதி பிழையாக இருக்கும். காரணம் சொல்லத் தெரியாத முடிவு இந்தத் துறையில் எதற்கும் உதவாது.

இந்த நூல்களைத் தனித்தனிக் கருத்துகளின் களஞ்சியமாகப் பார்க்க வேண்டாம். எனக்குக் கட்டளையிட யாருக்கு உரிமை, நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நடக்கும் வாக்குவாதம் இது. ஒவ்வொரு நூலும் யாருக்கோ சொல்லும் பதில். யாருக்குப் பதில் என்று தெரிந்துவிட்டால் புரியாத பக்கங்களில் பெரும்பாலானவை தாமாகவே திறந்துகொள்ளும். அதனால் முழு நூல்களைத் துரத்தாமல், வாதம் எங்கே நடக்கிறதோ அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்து மெதுவாகப் படிப்பதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் பகுதிகள் எல்லாம் சேர்ந்து, பதிப்பைப் பொறுத்து, ஏறக்குறைய 400 பக்கம் வரும். ஒரு நாளைக்கு ஆறு பக்கம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆறு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். இருபது பக்கம் படித்த நாளில் வாதம் கையில் நிற்பதில்லை.

புத்தகம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஓரத்தில் உள்ள எண்கள். பிளேட்டோவின் எந்த நல்ல பதிப்பிலும் பக்க ஓரத்தில் 327, 328 என்று எண்கள் இருக்கும். அவை 1578-இல் ஆன்றி எஸ்தியன் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள். அவருடைய பெயரின் லத்தீன் வடிவத்தை ஒட்டி ஸ்டெஃபானஸ் எண்கள் என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் ஏ, பி, சி, டி, இ என ஐந்து துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் பெர்லினில் வெளிவந்த பெக்கர் பதிப்பின் எண்கள். லாக்குக்குப் பத்தி எண், ஹாப்ஸுக்கும் மாக்கியவெல்லிக்கும் அத்தியாய எண். எண் இல்லாத மலிவுப் பதிப்பை வாங்கினால், ஒரு விளக்க நூல் ‘359-ஐப் பாருங்கள்’ என்று சொல்லும்போது தேட வழியே இருக்காது. மொழிபெயர்ப்பை மாற்றினாலும் எண் மாறாது என்பதால் குறிப்பு எழுதும்போதும் பக்க எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணையே எழுதுங்கள். பதிப்பாசிரியரின் முன்னுரையை நூலுக்குப் பிறகு படியுங்கள். முன்னால் படித்தால் அவர் கண்டதை மட்டுமே நீங்களும் காண்பீர்கள்.

முதலில் படிக்க வேண்டியது பிளேட்டோவின் சிறு உரையாடலான ‘கிரீட்டோ’. ஸ்டெஃபானஸ் எண்ணில் 43 முதல் 54 வரைதான், ஒரே மாலையில் முடியும். கி.மு. 399. சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு அவர் சிறையில் இருக்கிறார். விடியும் முன் நண்பர் கிரீட்டோ வந்து, தப்பிப்பதற்கு எல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டது, கிளம்பு என்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். 50-இல் ஏதென்ஸின் சட்டங்களே நேரில் வந்து பேசுவதுபோல் ஒரு பேச்சு தொடங்குகிறது. அதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. தீர்ப்பை ஆளாளுக்கு மீறினால் நகரம் நிற்காது. சட்டங்கள் உன்னைப் பெற்று வளர்த்த பெற்றோர் போன்றவை. நீ விரும்பினால் உடைமைகளோடு வெளியேறியிருக்கலாம், எழுபது வயது வரை இங்கேயே இருந்ததால் நீ ஒப்புக்கொண்டுவிட்டாய். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பலர் மூன்றையும் சேர்த்து ‘சட்டத்தை மதிக்க வேண்டும் என்றார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு வாதங்கள், ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். மூன்றாவதை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அதோடு, நீதிமன்ற உரையான ‘அப்பாலஜி’யில் 29-ஐயும் 32-ஐயும் படியுங்கள். தத்துவம் பேசுவதை நிறுத்தினால் விடுதலை என்று சொன்னால் உங்களுக்குக் கீழ்ப்படிய மாட்டேன், கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்கிறார் சாக்ரடீஸ். ஏதென்ஸைச் சிறிது காலம் கொடுங்கோலாக ஆண்ட முப்பதின்மரின் ஆட்சியில் ஒருவரைப் பிடித்து வரச் சொன்ன கட்டளையை மீறி வீட்டுக்குப் போனதையும் அவரே சொல்கிறார். ‘கிரீட்டோ’வில் கீழ்ப்படியச் சொல்பவரும் இவர்தான். இந்த முரணை எப்படித் தீர்ப்பது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தீர்வு சரியா என்பது இப்போது முக்கியம் இல்லை, கை பழக வேண்டும்.

இனி படிக்கும் முறை. ஒரு பகுதியை முதல் முறை பென்சில் இல்லாமல் படியுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: கேள்வி, கூற்று, காரணம், உதாரணம், மறுப்பு, பதில். எந்தச் சொல்லும் பொருந்தவில்லை என்றால் அந்தப் பத்தி உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். மூன்றாவதாகப் புத்தகத்தை மூடிவிட்டு, வாதத்தை ஐந்தாறு எண்ணிட்ட வாக்கியங்களாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் முடிவு கிடைக்காமல் போகிறதோ அதுதான் வாதத்தின் அச்சாணி. உங்கள் மறுப்பை அங்கே வைக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை முடிவை மறுப்பது. ‘எனக்கு உடன்பாடு இல்லை’ என்பது மறுப்பு ஆகாது, எந்த வாக்கியத்தில் உடன்பாடு இல்லை என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

இதை ‘குடியரசு’ முதல் பகுதியில் செய்து பார்க்கலாம், 336 முதல் 343 வரை. திராசிமாக்கஸ் உள்ளே பாய்ந்து வந்து, நீதி என்பது வலியவனின் நலனே என்கிறார். அவருடைய வாதம் இப்படிப் போகிறது. ஒன்று, ஒவ்வொரு நகரத்திலும் ஆள்பவர்கள் தங்கள் நலனுக்கு ஏற்பச் சட்டம் செய்கிறார்கள். இரண்டு, அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதையே நீதி என்கிறார்கள். மூன்று, ஆள்பவரே வலியவர். ஆகவே நீதி வலியவரின் நலன். சாக்ரடீஸ் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறார்: ஆள்பவர் தவறு செய்வார்களா? செய்வார்கள் என்கிறார் திராசிமாக்கஸ். அப்படியானால் தங்களுக்கே கேடான சட்டத்தையும் சில சமயம் இயற்றுவார்கள். அதற்கும் கீழ்ப்படிவது நீதி என்றால், நீதி வலியவருக்குக் கேடானதாகவும் ஆகிறது. மூன்று வாக்கியங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

340-இல் நடப்பதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் கிளைட்டோஃபோன் திராசிமாக்கஸுக்கு ஒரு வழி காட்டுகிறார்: ‘வலியவன் தனக்கு நலம் என்று நினைப்பதே நீதி’ என்று சொல்லிவிடலாமே. அப்படிச் சொன்னால் மோதல் மறைந்துவிடும். திராசிமாக்கஸ் இதை ஏற்க மறுத்து, தவறு செய்யும் கணத்தில் அவர் ஆள்பவரே அல்ல என்கிறார். கணக்கில் தவறும்போது ஒருவரைக் கணக்கர் என்று சொல்வோமா என்று கேட்கிறார். தப்பித்ததாக நினைக்கிறார், ஆனால் ஆட்சியை ஒரு கலையாக, தொழில்திறனாக ஆக்கிவிட்டார். உடனே சாக்ரடீஸ் மருத்துவத்தைக் காட்டுகிறார். மருத்துவர் மருத்துவராக இருக்கும்வரை நோயாளியின் நலனைத்தான் பார்க்கிறார், கப்பல் தலைவர் மாலுமிகளின் நலனைப் பார்க்கிறார். அப்படியானால் ஆள்பவரும் ஆளப்படுபவரின் நலனைத்தான் பார்ப்பார். இதற்குத் திராசிமாக்கஸின் பதில், ஆடு மேய்ப்பவர் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டுக்காகவா என்பது. அந்தக் கேள்வி இன்றுவரை கூர்மை மழுங்காதது. கிளைட்டோஃபோன் காட்டிய வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். அரை மணி நேரத்தில், படிப்பவர் நிலையிலிருந்து வாதத்தில் கலந்துகொள்பவர் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

‘குடியரசு’ நூலில் மீதியை இப்படித் தாவிப் படிக்கலாம். 357 முதல் 369 வரை, அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் கைகஸ் மோதிரத்தின் கதை இதில் வரும். 412 முதல் 417, பிறகு 427 முதல் 445, பிறகு 471 முதல் 489. குகை உவமைக்கு 514 முதல் 521, ஜனநாயகத்தின் மீதான தாக்குதலுக்கு 555 முதல் 569. இதில் இரண்டு எச்சரிக்கை. சொத்து கூடாது என்ற விதி நகரத்தைக் காத்து ஆளும் காவலர் வகுப்புக்கு மட்டும்தான், நகரம் முழுமைக்கும் அல்ல. 416-417-ஐப் படித்தால் தெளிவாகத் தெரியும், ஆனாலும் ‘பிளேட்டோவின் பொதுவுடைமை’ என்று தொடர்ந்து எழுதுகிறார்கள். இரண்டாவது, ‘நீதி’ என்ற சொல். அதைக் கேட்டதும் நமக்கு நீதிமன்றம் நினைவுக்கு வரும். கிரேக்கச் சொல் அதைவிட அகலமானது. பிறரோடு நடந்துகொள்வதில் நேர்மை முழுவதையும் அது தொடும். நான்காம் பகுதியில் உள்ளத்தின் ஒழுங்கையும் பிளேட்டோ அதே சொல்லால் குறிக்கும்போது, நீதிமன்றத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரியும். ‘அறம்’ என்று மாற்றிப் போட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள், பாதி முடிச்சு தளரும். மீதிப் பாதி உண்மையாகவே பிளேட்டோவின் சிக்கல்தான், மொழிபெயர்ப்பின் மேல் பழி போட முடியாது.

அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ எட்டுப் பகுதி கொண்டது. மெருகேற்றிய நூல் மாதிரி இராது, வகுப்புக் குறிப்புகள் போல இருக்கும். ஒரே வாக்கியத்தில் மூன்று காரணங்களை அடைத்து வைப்பார். முதல் பகுதியில் 1 முதல் 7 வரையான அத்தியாயங்கள், மூன்றாம் பகுதியில் 1 மற்றும் 6 முதல் 13, நான்காம் பகுதியில் 9, 11. இவ்வளவு போதும். நான்காம் பகுதி 9-இல் ஒரு வரியை அடிக்கோடிடுங்கள்: பதவிகளைக் குலுக்கல் முறையில் நிரப்புவது ஜனநாயகமாகவும், தேர்தல் மூலம் நிரப்புவது சிலராட்சியாகவும் கருதப்படுகிறது என்கிறார். வாக்குப்பெட்டியையும் ஜனநாயகத்தையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி. ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் மன்றமே குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிரேக்கர் ஜனநாயகத்தைத் திட்டும் இடங்களில் அவர்கள் எதைத் திட்டுகிறார்கள் என்பதை இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பகுதியில் அடிமை முறைக்கு அவர் சொல்லும் நியாயத்தைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அருவருப்பு இயல்பானது, ஆனால் தாண்டக் கூடாது. அங்கே வாதம் எப்படி உள்ளுக்குள்ளேயே உடைகிறது என்று பார்க்க வேண்டும். பகுத்தறிவைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் பெற்றவன் இயற்கை அடிமை என்று வரையறுக்கிறார். உடலிலும் வேறுபாடு காட்டவே இயற்கை விரும்புகிறது, ஆனால் பல நேரம் நேர்மாறாக நடந்துவிடுகிறது என்றும் அதே 1254-இல் ஒப்புக்கொள்கிறார். உள்ளம் கண்ணுக்குத் தெரியாது, உடலும் அடையாளம் ஆகாது என்றால், எதை வைத்து ‘இவன் இயற்கை அடிமை’ என்று சொல்வது? அவர் கண்முன் இருந்த அடிமைகளில் ஒருவரைக்கூட அவருடைய வரையறை சுட்டிக்காட்டவில்லை. இதை அவருடைய சொற்களிலிருந்தே காட்டுவது, ‘அந்தக் காலத்து மனிதர்’ என்று விட்டுவிடுவதைவிடக் கடுமையான கண்டனம்.

மாக்கியவெல்லிக்கு வரும்போது ஒரு சொல்லை மட்டும் பின்தொடர்ந்தால் போதும்: விர்த்தூ. 1513-இல் எழுதி, அவர் 1527-இல் இறந்த பின் 1532-இல் அச்சான ‘இளவரசன்’ நூலில் 26 சின்ன அத்தியாயங்கள். 6, 7, 8, பிறகு 15 முதல் 18, பிறகு 25. இத்தாலியச் சொல்லான விர்த்தூவுக்குச் சில மொழிபெயர்ப்பாளர்கள் ஓரிடத்தில் நற்பண்பு, ஓரிடத்தில் ஆற்றல், ஓரிடத்தில் வீரம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். வாசிப்பு சுகமாக இருக்கும், வாதம் தொலைந்துவிடும். எட்டாம் அத்தியாயத்தில் சிராக்யூஸ் நகரத்து அகத்தோக்கிளிஸ் பற்றிச் சொல்லும்போது, சொந்தக் குடிமக்களைக் கொல்வதை, நண்பர்களைக் காட்டிக்கொடுப்பதை விர்த்தூ என்று அழைக்க முடியாது என்கிறார். உடனே அடுத்த வாக்கியத்தில் அகத்தோக்கிளிஸின் விர்த்தூவை எண்ணிப் பார்த்தால் என்று தொடங்குகிறார். ஒரே மூச்சில் மறுத்து ஒரே மூச்சில் தருகிறார். இது கவனக்குறைவா, அல்லது பழைய நற்பண்புச் சொல்லை வாசகரின் கண் முன்னேயே வளைத்துக் காட்டுவதா? இந்த இரண்டு வாக்கியங்களையும் பார்க்காமல் மாக்கியவெல்லி பற்றி எதையும் முடிவு செய்ய வேண்டாம். ‘நோக்கம் வழியை நியாயப்படுத்தும்’ என்ற வாசகம் அந்த வடிவில் நூலில் இல்லை. 18-இல் இருப்பது, மேல்முறையீடு செய்ய மன்றம் இல்லாத இளவரசர்களின் செயலில் மக்கள் விளைவைப் பார்க்கிறார்கள் என்ற கருத்து. அது அறிவுரை என்பதைவிட மக்களைப் பற்றிய கணிப்பு.

ஹாப்ஸின் ‘லெவியதான்’ 1651-இல் வந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரி 30-இல் வெட்டப்பட்டிருந்தது, உள்நாட்டுப் போர் நாட்டைக் குதறியிருந்தது. 47 அத்தியாயங்களில் 13 முதல் 18, பிறகு 21. அவ்வளவுதான் முதல் வாசிப்புக்கு. நூலின் பின்பாதி பெரிதும் வேதாகமம், திருச்சபை பற்றியது. முக்கியமானதே, ஆனால் இப்போது வேண்டாம்.

13-ஆம் அத்தியாயத்தை வைத்துத்தான் ‘மனிதர் கெட்டவர் என்றார் ஹாப்ஸ்’ என்று சொல்கிறார்கள். அங்கே அப்படி இல்லை. ஆசைகளும் உணர்ச்சிகளும் தம்மளவில் பாவம் அல்ல என்று அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். வாதம் சமத்துவத்தில் தொடங்குகிறது: மிக வலுவற்றவரும் சூழ்ச்சியாலோ கூட்டுச் சேர்ந்தோ மிக வலியவரைக் கொல்ல முடியும். பிறகு சண்டைக்கு மூன்று காரணம் சொல்கிறார். போட்டி, நம்பிக்கையின்மை, பெருமை. இரண்டாவதற்கு அவர் எழுதிய ஆங்கிலச் சொல் ‘டிஃபிடன்ஸ்’. இன்றைய அகராதியைப் பார்த்தால் கூச்சம், தன்னம்பிக்கைக் குறைவு என்று இருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் அதன் பொருள் பிறர் மேல் நம்பிக்கையின்மை. இன்றைய பொருளில் படித்தால் முழு வாதமும் பாழ். ஏனென்றால் அச்சாணியே அங்குதான் இருக்கிறது. அடக்கமான இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பிறர் பொருள் வேண்டாம். ஆனால் எதிரில் இருப்பவர் அப்படிப்பட்டவர்தானா என்று இருவருக்கும் தெரியாது. தவறாகக் கணித்தால் உயிர் போகும். முந்திக்கொள்வதே பாதுகாப்பு என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்கிறார்கள். கெட்டவர் ஒருவரும் இல்லாமலே சண்டை வந்துவிட்டது. வெளியூர் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய், இரவில் கதவைப் பூட்டுகிறாய், வீட்டுக்குள் பெட்டியையும் பூட்டுகிறாய், சட்டமும் காவலும் இருக்கும்போதே இப்படி என்றால் உன் வீட்டாரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று ஹாப்ஸ் வாசகரையே கேட்கிறார். போர் என்றால் இடைவிடாத சண்டை என்றும் அவர் சொல்லவில்லை. ஒன்றிரண்டு தூறல் மழைக்காலம் ஆகாது, பல நாள் மூட்டமாக இருப்பதே மழைக்காலம். போரும் அதுபோலத்தான் என்பது அவர் உவமை.

17, 18-இல் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம் யாருக்கிடையே என்பது. குடிகள் ஒருவரோடு ஒருவர் செய்துகொள்கிறார்கள், இறையாண்மை, அதாவது ஆளும் முழு அதிகாரம், பெறுபவர் அதில் ஒரு தரப்பே அல்ல. ஆகவே அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்லவே முடியாது. இந்தச் சின்ன நுணுக்கத்தில்தான் முழு அதிகாரமும் அடங்கியிருக்கிறது. படம் வரைந்து பாருங்கள்: குடிகளுக்கிடையே கோடுகள், மேலே இருப்பவருக்குக் கோடே கிடையாது. அடுத்து லாக்கைப் படிக்கும்போது அதே படத்தை மறுபடி வரையுங்கள், எந்தக் கோடு மாறியது என்று தெரியும்.

லாக்கின் ‘அரசாங்கம் பற்றிய இரண்டு ஆய்வுரைகள்’ 1689 இறுதியில், முகப்பில் 1690 என்ற ஆண்டோடும் ஆசிரியர் பெயர் இல்லாமலும் வந்தது. முதல் ஆய்வுரை ராபர்ட் ஃபில்மருக்கு மறுப்பு. மன்னர்களுக்கு ஆதாமிடமிருந்து தந்தையதிகாரம் வந்தது என்றவர் அவர். இரண்டாவதை மட்டும் படியுங்கள், 2, 3, 5, 8, 9, 19 அத்தியாயங்கள். ‘சொத்து’ என்ற சொல்லை 123-ஆம் பத்தியில் உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் சேர்த்த பொதுப் பெயராக வைக்கிறார், ஐந்தாம் அத்தியாயத்திலோ நிலமும் பொருளும்தான். எங்கே எது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளாவிட்டால், அரசு சொத்தைக் காக்கவே இருக்கிறது என்ற வரி பணக்காரர்களுக்கான வரியாக மட்டும் தெரியும், அல்லது எல்லோருக்குமான வரியாக மட்டும் தெரியும். இரண்டுமே அரைகுறை.

27-ஆம் பத்தியில் உழைப்பைக் கலப்பதால் பொருள் சொந்தமாகிறது என்ற புகழ்பெற்ற வாதம். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 28-க்குப் போங்கள். என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புல்தரைக் கட்டி, நான் தோண்டிய தாது, இவை யாருடைய ஒப்புதலும் இல்லாமல் என் சொத்தாகின்றன என்கிறார். நடுவில் இருப்பதைப் பாருங்கள். வெட்டியது வேலையாள், சொத்து எனக்கு. உழைத்தவனுக்கே பொருள் என்று அப்போதுதான் சொன்னவர், வேலையாளின் உழைப்பு எப்படி எசமானின் உழைப்பானது என்று அங்கே விளக்கவில்லை. அந்தக் கூலி உறவு ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறார். 31-இல் அழுகிப்போகும் அளவுக்குச் சேர்க்கக் கூடாது என்ற வரம்பு, 46 முதல் 50 வரை அழுகாத பணம் வந்து அந்த வரம்பைத் தாண்ட வைப்பது. இத்தனையும் சேர்ந்ததுதான் வாதம்.

லாக்குக்கு வந்த பதில்களில் ஒன்றை எந்தப் பாடத்திட்டமும் விடக் கூடாது. ஆங்கில எழுத்தாளர் மேரி ஆஸ்டெல் 1706-இல் கேட்டார்: ஆண்கள் எல்லோரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால், பெண்கள் எல்லோரும் அடிமைகளாகப் பிறப்பது எப்படி? ஒரே வாக்கியம். ஒப்பந்தம் பேசும் எந்த நூலையும் திறக்கும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரூசோவின் பெண்கல்விக் கருத்துகளை மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் எதிர்த்து எழுதியதும் இதே வழக்கின் தொடர்ச்சி.

ரூசோதான் இந்த வரிசையில் மிகக் கடினம், நடை எளிமையாக இருப்பதால் அது தெரியாது. 1762-இல் வந்த ‘சமூக ஒப்பந்தம்’ நூலில் முதல் பகுதி முழுவதும், இரண்டாம் பகுதியில் 1 முதல் 7, மூன்றாம் பகுதி 15, நான்காம் பகுதி 2. மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கும் சங்கிலியில் இருக்கிறான் என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சங்கிலியை உடைக்க வந்தவர் என்று நினைப்பார்கள். அதே பத்தியின் முடிவைப் படியுங்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது, தெரியாது. எது இதை முறையானதாக்கும், அதற்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன் என்கிறார். சங்கிலியை நியாயமாக்கும் நிபந்தனையைத்தான் தேடுகிறார். அவருடைய மையச் சொல்லான பொதுச் சித்தம், அதாவது பொது நலனை நோக்கும் மக்களின் விருப்பம், பெரும்பான்மை வாக்கு அல்ல. நான்காம் பகுதி 2-இல் சட்டம் வாக்கெடுப்புக்கு வரும்போது மக்களிடம் கேட்பது ‘உனக்குப் பிடிக்கிறதா’ என்றல்ல, ‘இது பொதுச் சித்தத்தோடு ஒத்துப்போகிறதா’ என்பதே. முதல் பகுதி 6-இல் அவர் சிக்கலை எழுதிவைக்கும் வாக்கியத்தை மனப்பாடம் செய்யாமல் இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டாம்.

மில்லின் ‘சுதந்திரம் பற்றி’, 1859. ஐந்து அத்தியாயத்தில் 1, 3, 4 போதும். பிறருக்குக் கேடு வராமல் தடுக்க மட்டுமே ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தலாம் என்பதே நூலின் கோட்பாடு. தானிய வியாபாரி ஏழைகளைப் பட்டினி போடுகிறவன் என்று பத்திரிகையில் எழுதலாம், அவன் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம் என்ற உதாரணம் மூன்றாவதில் வரும். முதல் அத்தியாயத்திலேயே, முதிராத சமூகங்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாது, அங்கே எதேச்சாதிகாரம் முறையான ஆட்சியே என்று எழுதிவிட்டார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். அந்தப் பத்தியைத் தவிர்த்துவிட்டு மில்லைப் புகழ்வதும், அந்தப் பத்தியை மட்டும் காட்டி நூலையே தள்ளுவதும் ஒரே அளவு சோம்பல். வரம்பை நீக்கினால் கோட்பாடு நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். என் கணிப்பில் முன்னைவிட உறுதியாகவே நிற்கிறது.

எங்காவது முற்றிலும் சிக்கிக்கொண்டால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தில் அந்த ஆசிரியரின் கட்டுரையைப் பாருங்கள். ஆனால் உங்கள் ஐந்தாறு வாக்கியங்களை எழுதிய பிறகுதான்.

எல்லாம் முடிந்ததும் ‘கிரீட்டோ’வுக்குத் திரும்புங்கள். தனியாகக் குறித்து வைத்த மூன்றாவது காரணத்தை எடுத்து, அதன் பக்கத்தில் லாக்கின் 119-ஐ வையுங்கள். ஒரு நாட்டுக்குள் ஒரு வாரம் தங்கினாலும், அதன் நெடுஞ்சாலையில் சும்மா நடந்துபோனாலும்கூட ஒருவர் வாய் திறக்காமல் ஒப்புதல் தந்தவராகிறார் என்கிறார் லாக். ஏதென்ஸின் சட்டங்கள் எழுபது ஆண்டைக் கேட்டன, லாக்குக்கு ஒரு வாரம் போதும். மூன்றாவதாக, 1748-இல் டேவிட் ஹியூம் மூல ஒப்பந்தம் பற்றி எழுதிய சிறு கட்டுரையை வையுங்கள். வேறு மொழி தெரியாத, அன்றன்றைக் கூலியில் வாழும் ஓர் ஏழை உழவருக்கு நாட்டைவிட்டுப் போகும் சுதந்திரம் இருக்கிறது என்று உண்மையாகவே சொல்ல முடியுமா என்று கேட்கிறார் அவர். அப்படிச் சொல்லலாம் என்றால், தூங்கிக்கொண்டிருந்தபோது கப்பலில் தூக்கிப் போடப்பட்டு, இறங்க வேண்டுமானால் கடலில் குதித்துச் சாக வேண்டிய ஒருவரும், கப்பலில் தொடர்ந்து இருப்பதாலேயே கப்பல் தலைவரின் அதிகாரத்துக்கு மனமார ஒப்புக்கொண்டார் என்று சொல்லலாம். மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, சாக்ரடீஸ் இருந்த இடத்திலிருந்து ஹியூமுக்கு ஒரு பக்கம் பதில் எழுதுங்கள்.